இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால்: இரண்டாவது எஞ்சின் எதற்கு உதவும், எதற்கு உதவாது

கேள்வி இதுதான். வணிக விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெறும் ஒருவர் அடுத்ததாக இரட்டை எஞ்சின் பயிற்சிக்குப் போகிறார். "ரெண்டு எஞ்சின் இருக்கே, ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும், இனிமே நிம்மதி" என்கிறார் அவருடைய அப்பா. பயிற்சிப் பள்ளி சீனியரோ, "சின்ன ட்வின்ல ஒரு எஞ்சின் போச்சுன்னா, மிச்சம் இருக்கிறது உன்னை விபத்து நடக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான்" என்றாராம். யார் சொல்வது சரி, பயிற்சி தொடங்கும் முன் எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

இருவர் சொல்வதும் சரி. வேறு வேறு உயரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். 9,000 அடியில் பறக்கும்போது அப்பா சொல்வது உண்மை. ஓடுதளத்தை விட்டு எழும்பி 100 அடியில் இருக்கும்போது சீனியர் சொல்வது உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. இந்த இரண்டு உயரங்களுக்கும் இடையில் என்ன மாறுகிறது என்பது முதல் பாடம் தொடங்கும் முன்பே உங்கள் மனதில் பதிந்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு. பைப்பர் செமினோலை எடுத்துக்கொள்வோம். பல நாடுகளில் இரட்டை எஞ்சின் பயிற்சிக்குப் பயன்படும் விமானம் இது. தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லைகோமிங் எஞ்சின்கள். புறப்படும்போது அதிகபட்ச எடை 3,800 பவுண்டு, அதாவது சுமார் 1,724 கிலோ. கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில், இரண்டு எஞ்சினும் முழு வீச்சில் ஓடினால் நிமிடத்துக்கு 1,300 அடிக்குச் சற்று மேல் ஏறும். ஒன்று நின்றுவிட்டால்? சக்தி பாதியாகிவிட்டது, ஆகவே 650 அடி ஏறும் என்றுதான் மனம் கணக்குப் போடும். விமானத்தின் கையேடு சொல்வது 200 அடிக்குச் சற்று மேல்.

ஏன் இப்படி? எஞ்சின் தரும் சக்தியில் பெரும்பகுதி விமானத்தைச் சும்மா அதே உயரத்தில் பறக்க வைப்பதற்கே செலவாகிவிடுகிறது. காற்றின் இழுவையைச் சமாளித்த பிறகு மிஞ்சும் சக்திதான் விமானத்தை மேலே தூக்குகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. 3,800 பவுண்டை நிமிடத்துக்கு 1,300 அடி தூக்க ஏறத்தாழ 150 குதிரைத்திறன் வேண்டும். 200 அடி தூக்க 23 போதும். ஆக, இரண்டு எஞ்சினும் ஓடும்போது மிஞ்சியது 150. ஒன்று நின்றபின் மிஞ்சுவது 23. சக்தியில் இழந்தது பாதி. ஏறும் திறனில் இழந்தது 85 சதவீதம். இது செமினோலின் குறை கிடையாது. பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறிய ட்வின்கள் எல்லாவற்றிலும் 80 முதல் 90 சதவீதம் வரை இப்படித்தான் போகும்.

மாத வருமானம் பாதியானாலும் வீட்டு வாடகை குறையாது. சேமிப்புதான் ஏறக்குறைய துடைத்துப் போகும். அதே கணக்குதான்.

மிஞ்சிய அந்த 200 அடியை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். செமினோலில் ஒற்றை எஞ்சினில் சிறப்பாக ஏறும் வேகம் 88 நாட். அந்த வேகத்தில் ஒரு நிமிடத்தில் கிட்டத்தட்ட 2.7 கிலோமீட்டர் கடந்துவிடுவீர்கள். நிமிடத்துக்கு 200 அடி என்றால், 500 அடி உயர இரண்டரை நிமிடமும் ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் தூரமும் ஆகும். ஓடுதளத்தின் முனையிலிருந்து 6.8 கிலோமீட்டருக்கு என்னென்ன இருக்கிறது என்று உங்கள் பயிற்சி நிலையத்தைச் சுற்றி ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: தென்னந்தோப்பு, செல்போன் கோபுரம், மின்கம்பிகள், அடுக்குமாடிகள்.

அதுவும் புத்தம்புது விமானத்தை, தேர்ந்த சோதனை விமானி, சக்கரங்களை உள்ளிழுத்து, நின்ற எஞ்சினின் புரொப்பல்லரை ஃபெதர் செய்து (இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டி நிறுத்தி), சரியான வேகத்தையும் சாய்வையும் பிடித்து எடுத்த எண். சக்கரம் கீழே தொங்கினாலோ, நின்ற பக்கத்துப் புரொப்பல்லர் காற்றில் சும்மா சுழன்றுகொண்டிருந்தாலோ, அந்த ஒன்று மட்டுமே 200 அடியை முழுதாக விழுங்கிவிடக்கூடியது. வேகத்தில் ஐந்தாறு நாட் பிசகினாலும் நல்ல பகுதி போய்விடும்.

இன்னொன்று வெப்பம். நம் ஊரில் பறக்கப் போகிறவர் இதை மறக்கவே கூடாது. காற்று சூடானால் அடர்த்தி குறையும். எஞ்சின், புரொப்பல்லர், இறக்கை மூன்றும் தளரும். விமானம் தான் இன்னும் உயரத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். கோயம்புத்தூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 அடி. அந்த உயரத்துக்குரிய திட்ட (ஸ்டாண்டர்டு) வெப்பநிலை 12 டிகிரியை ஒட்டியது. ஏப்ரல் மதியம் 36 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஏறத்தாழ 24 டிகிரி. ஒரு டிகிரிக்கு 120 அடி என்று கூட்டினால், அடர்த்தி உயரம், அதாவது விமானம் உணரும் உயரம், 4,100 அடியைத் தாண்டிவிடுகிறது. முழு எடையில் இருக்கும் செமினோலின் ஒற்றை எஞ்சின் சேவை உச்சவரம்பு 3,800 அடியை ஒட்டியது. நிமிடத்துக்கு 50 அடி மட்டும் ஏறக்கூடிய உயரத்துக்குத்தான் அந்தப் பெயர். ஆக அந்த மதியம் விமானம் தரையில் நிற்கும்போதே அந்த வரம்புக்கு மேலே நிற்கிறது! எஞ்சின் ஓட்டத்தைத் தொடங்கும் முன்பே, "இன்று ஒன்று நின்றால் நான் ஏறமாட்டேன்" என்று கணக்கு சொல்லிவிட்டது. அதைப் போட்டுப் பார்க்காதவருக்கு மட்டும்தான் அது காற்றில் தெரியவரும்.

"ஏறாத விமானத்துக்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் பயணிகள் ஜெட்டுக்கும் சின்ன ட்வினுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. பெரிய விமானத்தில் வி1 என்ற வேகத்தை, அதாவது புறப்பாட்டை நிறுத்தலாமா என்று முடிவெடுக்கும் கடைசி வேகத்தைத் தாண்டிய பிறகு ஒரு எஞ்சின் நின்றாலும் பறப்பைத் தொடர முடியும் என்பது சட்டப்படியான உத்தரவாதம். இரட்டை எஞ்சின் ஜெட் சக்கரங்களை உள்ளிழுத்தபின் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏறியாக வேண்டும். அதுவும் அன்றைய எடை, அன்றைய வெப்பம், அந்த நிலையத்தின் உயரம் எல்லாவற்றையும் சேர்த்து. முடியாது என்றால் சுமையை இறக்க வேண்டும். ஆனால் இன்று பறந்துகொண்டிருக்கும் சின்ன ட்வின்களில் பெரும்பாலானவை சான்று பெற்ற பழைய அமெரிக்க விதி வேறு. 6,000 பவுண்டுக்கு உட்பட்ட எடையும் 61 நாட்டுக்கு மிகாத ஸ்டால் வேகமும் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) இருந்தால், 5,000 அடியில் ஒற்றை எஞ்சினில் எவ்வளவு ஏறும் அல்லது இறங்கும் என்று அளந்து எழுதினால் போதும். அந்த எண் கழித்தல் குறியோடு இருந்தாலும் சான்றிதழ் கிடைக்கும். விதி எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன்; அந்த எண்ணைப் புத்தகத்தில் தந்துவிட்டார்கள். அதைப் படித்து முடிவெடுக்கும் பொறுப்பை விமானியிடம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பொறுப்பு தன்னிடம் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் என் கவலை.

ஏறாமல் போவதை விட மோசமானது ஒன்று உண்டு. விமானம் புரண்டுவிடுவது.

இறக்கைகளில் எஞ்சின்கள் இருப்பதால், ஒன்று நின்றவுடன் ஓடும் எஞ்சின் மூக்கை மறுபக்கம் திருப்பும். அதை எதிர்ப்பது ரடர், வாலில் இருக்கும், காலால் மிதித்து இயக்கும் திருப்பு மடல். ரடரின் பலம் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. எஞ்சினின் திருப்புவிசைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வேகம் குறையக் குறைய ஒரு கட்டத்தில் ரடரை முழுதும் மிதித்தாலும் மூக்கு நிற்காது. அந்த எல்லை வேகம்தான் விஎம்சி, வேகமானியில் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே போனால் மூக்கு திரும்பும், முன்னேறும் இறக்கை மேலே தூக்கும், விமானம் நின்ற எஞ்சின் பக்கமாகக் கவிழும். தாழ்வான உயரத்தில் இது சில நொடி வேலை. மீளும் வழி ஒன்றே ஒன்று: ஓடும் எஞ்சினின் த்ராட்டிலைக் குறை, மூக்கைத் தாழ்த்து. தரை நெருங்கும்போது நல்ல எஞ்சினின் சக்தியைக் குறைக்கவும் மூக்கைக் கீழே இறக்கவும் மனித மனம் இலகுவில் ஒப்பாது. ஆகவேதான் அந்த வேகத்துக்கு அருகிலேயே போகக் கூடாது என்கிறோம்.

சிவப்புக் கோட்டை ஒரு நிலையான எண் என்று நினைத்துவிடாதீர்கள். செமினோலில் அது 56 நாட். ஆனால் அது குறிப்பிட்ட நிலைமைகளில் அளந்தது: முழு சக்தி, எடைமையம் பின்னெல்லையில், சக்கரம் உள்ளே, நின்ற புரொப்பல்லர் காற்றில் சுழலும் நிலை, ஓடும் எஞ்சின் பக்கம் 5 டிகிரி வரை சாய்வு. அந்தச் சாய்வை விட்டு இறக்கைகளைச் சமமாக வைத்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் விஎம்சி மூன்று நாட் அளவுக்கு உயரக்கூடும். பதற்றத்தில் நின்ற எஞ்சின் பக்கமே சாய்ந்துவிட்டால் இன்னும் மேலே போகும். கோடு 56-இல் இருக்கும். உங்கள் உண்மையான எல்லை 70-ஐத் தாண்டியிருக்கலாம்.

மறுபக்கம், உயரே போகப் போக டர்போ இல்லாத எஞ்சினின் சக்தி குறைவதால் விஎம்சியும் குறையும். கேட்க நல்ல செய்தி போலிருக்கும். ஆனால் வேகமானியில் தெரியும் ஸ்டால் வேகம் குறையாது. செமினோலில் ஃப்ளாப் (இறக்கையின் பின்மடல்) இறக்காத ஸ்டால் வேகம் விஎம்சிக்கு ஓரிரு நாட் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் உயரம் போனாலே ஸ்டால் முந்திக்கொள்ளும். ஒரு பக்கம் முழு சக்தியோடு ஸ்டால் ஆனால் அது சுழல்வீழ்ச்சிக்கான நேர்வழி. இரட்டை எஞ்சின் விமானங்களில் சுழலிலிருந்து மீண்டு காட்ட வேண்டும் என்ற சான்றிதழ் நிபந்தனையும் கிடையாது. விஎம்சி செயல்விளக்கத்தின்போது மூக்கு நழுவத் தொடங்கியதும், அல்லது ஸ்டால் எச்சரிக்கை ஒலித்ததும், எது முதலில் வந்தாலும் அதோடு நிறுத்தி மீள வேண்டும் என்று பயிற்றுநர்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சாய்வு பற்றி இன்னொரு வார்த்தை. 5 டிகிரி என்பது கட்டுப்பாட்டைக் காக்க. ஏறும் திறனுக்கு அது சற்று அதிகம். பக்கச்சறுக்கல் இல்லாமல் பறக்க பெரும்பாலான ட்வின்களில் ஓடும் எஞ்சின் பக்கம் 2 முதல் 3 டிகிரி சாய்வும், சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து அதே பக்கம் பாதி விலகியும் இருக்க வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானத்தில் பந்தை நடுவில் வைக்கப் பழகிய கண்ணுக்கு இது தவறாகத் தெரியும். பந்தை நடுவில் கொண்டுவந்து இறக்கைகளைச் சமமாக வைத்தால் விமானம் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே பறக்கும். மிஞ்சியிருந்த 200 அடியில் ஒரு பகுதி அந்தச் சறுக்கலுக்குப் போய்விடும்.

இந்தத் திருப்புவிசைத் தொல்லையே வேண்டாம் என்று செஸ்னா நிறுவனம் 1960-களில் ஸ்கைமாஸ்டரைக் கொண்டுவந்தது. ஒரு எஞ்சின் மூக்கில், ஒன்று வாலுக்கு முன்னால். ஒன்று நின்றாலும் விமானம் நேராகவே போகும். நல்ல யோசனைதான். ஆனால் மூக்கு திரும்பாததால், பின் எஞ்சின் நின்றதே தெரியாமல் முன் எஞ்சினை மட்டும் நம்பி ஓடுதளத்தில் ஓடியவர்கள் இருந்தார்கள். ஒற்றை எஞ்சினில் புறப்பாட்டைத் தொடங்காதே என்ற எச்சரிக்கைத் தகடு பின்னால் கட்டாயமானது.

அடுத்து கால். இரட்டை எஞ்சின் பயிற்சியில் கேட்டுக் கேட்டுக் காது புளிக்கும் வாசகம்: சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, நின்ற எஞ்சினும் அந்தப் பக்கமே. விமானத்தை நேராக வைக்க வலது காலால் மிதிக்கிறீர்கள் என்றால் நின்றது இடது எஞ்சின். சொல்லும்போது எளிது. 2014 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் ஒரு கிங் ஏர் பி200 புறப்பட்டவுடன் இடது எஞ்சினில் சக்தி குறைந்தது. விமானம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே போய் ஒரு விமானிப் பயிற்சி நிறுவனத்தின் சிமுலேட்டர் கட்டிடத்தின் மேல் விழுந்தது. விமானியும் கட்டிடத்துக்குள் இருந்த மூவரும் இறந்தார்கள். தவறான ரடர் மிதிக்கப்பட்டதை விசாரணை காரணமாகச் சொன்னது. 2019 ஜூன் 30 அன்று டெக்சாஸின் அடிசனில் ஒரு கிங் ஏர் 350, அதே போலப் புறப்பாட்டில் இடது எஞ்சின் சக்தி இழப்பு, பத்துப் பேர் பலி. அங்கும் முதலில் மிதிபட்டது இடது ரடர் என்று பகுப்பாய்வு காட்டியது. கிங் ஏர் நான் சொன்ன சின்ன ட்வின் வகை இல்லை. ஒற்றை எஞ்சினில் நன்றாகவே ஏறக்கூடிய டர்போபுராப், அதாவது டர்பைன் எஞ்சின் புரொப்பல்லரைச் சுழற்றும் விமானம். சக்தி இருந்தும் கட்டுப்பாடு போயிற்று.

பெரிய விமானத்தில், இரண்டு பேர் உட்கார்ந்திருந்தும் இது நடக்கும். 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72. புறப்பட்டுச் சிறிது நேரத்தில் வலது பக்கப் புரொப்பல்லர் தானாக ஃபெதர் ஆனது. விமானிகள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். எனவேதான் கையேடுகள் வரிசையாகச் சொல்கின்றன: முதலில் விமானத்தைக் கட்டுப்படுத்து, எந்தப் பக்கம் என்று காலால் கண்டுபிடி, அந்தப் பக்கத்து த்ராட்டிலை மெல்லப் பின்னிழுத்து உறுதி செய், பிறகே ஃபெதர். நின்ற எஞ்சினின் த்ராட்டிலை இழுத்தால் எதுவும் மாறாது. ஏதாவது மாறினால், சத்தமோ காலில் அழுத்தமோ, உடனே கையை எடுங்கள். தவறான பக்கத்தைத் தொட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் இரண்டு நொடியை ஒருபோதும் மிச்சப்படுத்தாதீர்கள்.

ஃபெதர் என்பது புரொப்பல்லர் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டித் திருப்பி நிறுத்துவது. அப்படிச் செய்யாமல் காற்றில் சுழல விட்டால், தட்டையான கோணத்தில் அதன் இழுவை மீதி விமானம் முழுவதின் உராய்வு இழுவைக்குச் சமமாகக்கூடப் போகலாம். பெரும்பாலான பிஸ்டன் ட்வின்களில் எண்ணெய் அழுத்தம் இதழ்களைத் தட்டையாக வைத்திருக்கும். அழுத்தம் போனால் ஸ்ப்ரிங்கும் நைட்ரஜனும் எதிர் எடைகளும் ஃபெதர் பக்கம் தள்ளும். ஆனால் தரையில் எஞ்சினை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஃபெதர் ஆகிவிடக் கூடாதல்லவா? அதற்காகக் குறைந்த சுழற்சியில் இதழ்களைப் பூட்டும் ஊசிகள் உள்ளே இருக்கின்றன. செமினோலில் நிமிடத்துக்கு 950 சுற்றுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தப் பூட்டு விழுந்துவிடும். பிறகு ஃபெதர் செய்யவே முடியாது. எஞ்சின் இறுகிக்கொண்டு நிற்கப் போகும் தறுவாயில், "இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாம்" என்ற தயக்கத்துக்கு இந்த விலை இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சின்ன ட்வினில் பாதுகாப்பு, புறப்படும் முன் எடுத்து வைத்த முடிவில் இருக்கிறது. எஞ்சின் நின்ற பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. ஏறும் கோணத்தில் இருக்கும் விமானத்தில் உந்துவிசை பாதியானால், மூக்கைத் தாழ்த்தாவிட்டால் சில நொடிகளில் நீலக்கோட்டிலிருந்து (ஒற்றை எஞ்சினில் சிறப்பாக ஏறும் வேகம்) சிவப்புக் கோட்டுக்கு வேகம் விழும். ஆகவே ஓடுதளத்தில் நுழையும் முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியவை இருக்கின்றன. ஓடுதளத்தில் ஓடும்போது எது பிசகினாலும் இரண்டு த்ராட்டிலையும் மூடிப் பிரேக் பிடிப்பேன். எழும்பிவிட்டேன், ஆனால் சக்கரம் இன்னும் கீழே, எதிரே இறங்கும் அளவுக்கு ஓடுதளம் மிச்சம் என்றால், இரண்டையும் மூடி அங்கேயே இறக்குவேன். சக்கரத்தை உள்ளிழுத்துவிட்டேன் என்றால், இன்றைய எடைக்கும் வெப்பத்துக்கும் விமானம் ஏறும் என்று கணக்கு சொல்லியிருந்தால் மட்டுமே தொடர்வேன். ஏறாது என்று சொல்லியிருந்தால், ஒற்றை எஞ்சின் விமானத்தில் செய்வதையே செய்வேன்: சக்தியைக் குறைத்து, ஏறக்குறைய நேர் எதிரே, இருப்பதில் நல்ல இடத்தில், கட்டுப்பாட்டோடு இறக்குவேன்.

கடைசியாகச் சொன்னதுதான் மனதுக்கு மிகக் கடினம். ஒரு எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதையும் சேர்த்து மூடுவதா? ஆம், அந்த நிலைமையில் அதுதான் உயிர் பிழைக்கும் வழி. இறக்கைகள் சமமாக, 70 நாட் வேகத்தில் வயலில் இறங்கும் விமானத்திலிருந்து மனிதர்கள் நடந்து வெளியே வருகிறார்கள். தலைகீழாக விழும் விமானத்திலிருந்து யாரும் வருவதில்லை. ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றால் விமானிக்கு வேறு வழியே கிடையாது. இறக்கித்தான் ஆக வேண்டும். ட்வினில் "எப்படியாவது தூக்கிவிடலாம்" என்ற ஆசை உடன் வருகிறது. அந்த ஆசையில் மூக்கைத் தூக்கித் தூக்கி வேகத்தை இழப்பவர்கள்தான் சீனியர் சொன்ன வாசகத்தை உண்மையாக்குகிறார்கள்.

அந்தக் கணக்கை உங்கள் பக்கம் திருப்பும் வழிகளும் உண்டு. முதலாவது எடை. பத்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்தால் ஒற்றை எஞ்சினில் ஏறும் வீதம் அதைவிடப் பெரிய விகிதத்தில் கூடும், ஏனென்றால் மிஞ்சும் சக்தி சிறியது, எடையோடு இழுவையும் சேர்ந்து குறைகிறது. காலைக் குளிரில் புறப்படுவது, நீளமான ஓடுதளத்தை முழுதும் பயன்படுத்துவது, இடையிலிருந்து புறப்பட அழைத்தாலும் மறுப்பது, எழும்பியதும் ஏறும் வீதம் உறுதியாகி ஓடுதளம் தீர்ந்தவுடன் தாமதமின்றிச் சக்கரத்தை இழுப்பது. இவையெல்லாம் காசு செலவில்லாத பாதுகாப்பு.

உயரே போய்விட்டால் நிலைமை தலைகீழ். 9,000 அடியில் செமினோலில் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தைத் தக்கவைக்க முடியாது, ஆனால் மெதுவாகத்தான் இறங்கும். மேலே சொன்ன எண்களை நேர்க்கோடாக நீட்டிப் பார்த்தால், திட்ட வெப்பநிலையில் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 150 அடி போல இறங்கும். இறங்க இறங்க அதுவும் குறையும். 6,000 அடிக்கு வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 90, 100 கிலோமீட்டர் போய்விடலாம். ஒற்றை எஞ்சின் செஸ்னா 172 அதே 9,000 அடியிலிருந்து சறுக்கினால் கிடைப்பது சுமார் 25 கிலோமீட்டர். இரவில், காட்டின் மேல், கடலின் மேல் இரண்டாவது எஞ்சினின் மதிப்பு இதுதான், அது பெரிய மதிப்பு.

ஆனால் வழி தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைக்க வேண்டும். கோவையிலிருந்து கொச்சிக்கு இருபுறமும் மலை. வடக்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டா, தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடி, இரண்டுமே 8,600 அடிக்கு மேல். ஒற்றை எஞ்சினில் அவற்றின் மேல் நிற்க முடியாது. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் தாழ்ந்து கிடக்கிறது. கணவாயை ஒட்டிப் பறந்தால் எந்தப் புள்ளியில் எஞ்சின் நின்றாலும் இறங்கிக்கொண்டே ஏதாவது ஒரு பக்கம் போய்ச் சேரலாம். நேர்க்கோட்டை விட்டுச் சில நிமிடம் கூடப் பறப்பது இதற்காகத்தான்.

இறங்குவது பற்றிச் சுருக்கமாக. ஒற்றை எஞ்சினில் முழு ஃப்ளாப்பும் சக்கரமும் இறக்கியபின் திரும்ப ஏறுவது பெரும்பாலும் நடக்காது. எனவே ஒரு உயரத்தை முன்பே நிர்ணயித்து, அதற்குக் கீழே போனால் இறங்கியே தீர்வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்ற எஞ்சின் பக்கம் திரும்பவே கூடாது என்று யாராவது பயமுறுத்தினால், வேகம் காப்பாற்றப்படும் வரை இரு பக்கமும் திரும்பலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு எஞ்சின் என்றால் ஏதாவது ஒன்று நிற்கும் வாய்ப்பு இரு மடங்கு. இரண்டும் ஒன்றாக நிற்காது என்பதும் உறுதியில்லை. ஒரே தொட்டி லாரியிலிருந்து வந்த தண்ணீர் கலந்த எரிபொருள் இரண்டுக்கும் போகிறது. 2007 மார்ச் 4 அன்று ஜெர்மனியின் ஸ்பையரில் ஒரு டயமண்ட் டிஏ42, பேட்டரி தீர்ந்த நிலையில் வெளி மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பிப் புறப்பட்டது. சக்கரத்தை உள்ளிழுத்தபோது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. எஞ்சின்களை ஆளும் கணினிகள் தடுமாறி இரண்டு எஞ்சினும் ஒருசேர நின்றன. டிஏ42 நல்ல விமானம், இந்தியப் பயிற்சிப் பள்ளிகளிலும் இருக்கிறது. அதன் பிறகு அந்த மின்னமைப்பில் மாற்றங்கள் வந்தன. எந்த ட்வினில் ஏறினாலும், இரண்டு எஞ்சினுக்கும் பொதுவாக இருப்பது எது, சக்கரத்தின் ஹைட்ராலிக் பம்ப் எந்தப் பக்கம், ஆல்டர்னேட்டர் ஒன்று போனால் எவையெல்லாம் போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சி தொடங்கும் முன் உங்கள் பள்ளி விமானத்தின் கையேட்டை வாங்கி, உங்கள் எடை, பயிற்றுநர் எடை, எரிபொருள், அந்த மாதத்து மதிய வெப்பம் எல்லாம் போட்டு ஒற்றை எஞ்சின் ஏறும் வீதத்தைக் கணக்கிடுங்கள். அதைப் பயிற்றுநரிடம் காட்டி, "எந்த உயரத்துக்கு மேல்தான் எஞ்சினை உண்மையாக நிறுத்துவோம்?" என்று கேளுங்கள். தரையிலிருந்து 3,000 அடிக்குக் கீழே த்ராட்டிலை மெல்லக் குறைத்துப் பாவனை செய்வதுதான் முறை. எரிபொருளை வெட்டி நிறுத்துவதும் ஃபெதர் செய்வதும் அதற்கு மேல். உண்மையான கோளாறில் இறந்தவர்களோடு, இதைப் பயிலும்போதே இறந்த பயிற்றுநர்களும் மாணவர்களும் உண்டு. 300 அடியில் எவராவது மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) லீவரைப் பின்னிழுக்கக் கை நீட்டினால், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், "சார், வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள்.